காய்ந்த மெழுகு

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் அதிகாலையில் நடந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். பந்தலில் தொங்கும் கருநீலக் குலைகளின்மீது மெல்லிய வெண்பூச்சு படர்ந்திருக்கும். விரல் பட்டால் அழியும். பட்ட இடம் பளபளக்கும். மருந்து தெளித்ததன் மிச்சம் என்று எண்ணி நகரத்தார் அதைத் தேய்த்துக் கழுவுவர். கழுவுவதில் தவறில்லை, மருந்தும் அதில் சேர்ந்திருக்கக்கூடும். ஆயினும் அந்த வெண்மை பழத்தின் சொந்தச் சொத்து. அது மெழுகு. கனியின் உள்ளிருக்கும் நீரை வெயில் உறிஞ்சிவிடாதபடி இயற்கை அணிவித்த மேலாடை. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் இந்த மேலாடையோடுதான் சந்தைக்குப் போகிறது. உலர்திராட்சை செய்வோர் பலர் பழத்தைக் காரநீரில் முக்கி முதலில் இந்தக் காப்பைக் குலைக்கின்றனர். காப்பு குலைந்த பின்னரே பழம் விரைந்து உலர்கிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் ஒட்டாத உறவுக்கு உவமை சொல்கிறோமே, அங்கே ஒட்டாமல் செய்வதும் இலையின் மேலுள்ள நுண்ணிய மெழுகுதான்.

உலர்தலைத் தடுப்பதற்கென்றே அமைந்த மெழுகு, தானே உலர்ந்து போனால் என்ன செய்வது? ஆன்மிக ஏட்டில் இப்படி ஒரு கேள்வியா என வாசகர் புருவம் உயர்த்தலாம். நாம் பேச வருவது கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் பளபளப்புக்காகப் பூசும் மெழுகைப் பற்றி. தட்டையான தகர டப்பியில் வருவது. வாங்கிய புதிதில் வெண்ணெய் போல் குழைவாக இருக்கும். சில ஆண்டுகள் கழித்துத் திறந்தால், மழை பொய்த்த கண்மாயின் தரை போல் வெடித்து, ஓரங்களை விட்டுச் சுருங்கி, தட்டினால் ஓசை எழும்பும் கட்டியாகக் கிடக்கும். பெரும்பாலோர் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். எறிவதற்கு முன், டப்பியில் குறைந்து போனது எது என்று கேட்பது நல்லது.

உயர்ந்த வகைக் கார் மெழுகில் சேர்வது கார்னோபா மெழுகு. பிரேசில் நாட்டின் வடகிழக்கே, வறண்ட நிலத்தில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து அது கிடைக்கிறது. கோடையில் நீர் இழக்காதிருக்க அம்மரம் தன் ஓலையின்மேல் மெழுகைச் சுரந்து கொள்கிறது. ஓலைகளை வெட்டி, வெயிலில் காயவைத்து, தட்டி உதிர்க்கும்போது மெழுகு பொடியாக விழுகிறது. நம் பனையை ஓலைக்கும் நாருக்கும் பதநீருக்கும் போற்றுவது போல் அங்குள்ளோர் அதை மெழுகுக்காகப் போற்றுகின்றனர். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 65 பாகை செல்சியஸில் உருகும். கார்னோபாவோ 82 பாகையைத் தாண்டினால்தான் இளகும். அவ்வளவு கடினம். கடினமே அதன் பெருமை. அதுவே அதன் தொல்லையும் ஆகும். கல்லைப் போலிருக்கும் ஒன்றைத் துணியில் தொட்டு வண்டியின்மேல் எப்படிப் பரப்புவது? ஆகவே டர்பன்டைன் அல்லது அதையொத்த பெட்ரோலியக் கரைப்பான் ஒன்றில் அதைக் குழைத்து, மென்மையான மெழுகுகளையும் சேர்த்துப் பசையாக்குகின்றனர். கரைப்பான் மெழுகைச் சுமந்து செல்லும் கூலியாள். தகட்டின்மேல் இறக்கி வைத்ததும் அது காற்றோடு போய்விடும். மெழுகு மட்டும் தங்கும். போவதற்காகவே சேர்க்கப்பட்டது அது. மூடி சரியாகப் பொருந்தாத டப்பியில், சுமையை இறக்கும் முன்னரே கூலியாள் புறப்பட்டுவிடுகிறான். மெழுகு அங்கேயேதான் இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். காய்தல் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது ஒரே செயல் அன்று. மழையில் நனைந்து இறுகிய சிமெண்டு மூட்டையை எவராலும் மீட்க இயலாது. அது வேறொரு பொருளாகவே மாறிவிட்டது. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமும் அப்படியே. காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து அது தோலாகிறது. பின்னர் எவ்வளவு டர்பன்டைன் ஊற்றினாலும் பழைய எண்ணெய் திரும்பாது. குளிரில் உறைந்த தேனோ எதையும் இழக்கவில்லை. வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் மீண்டும் ஒழுகும். (தேனி என்னும் ஊர்ப்பெயருக்கும் தேனீக்கும் உறவுண்டா என்பதைத் தமிழாசிரியர்கள் தீர்த்துக் கொள்ளட்டும்.) கார் மெழுகு இவற்றுக்கு இடைப்பட்டது. அது இழந்திருக்கிறது, மாறவில்லை. இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் போதும். நீரில் கலந்து பால் போல் வரும் திரவ மெழுகுகளுக்கு இது பொருந்தாது. அவை திரிந்தால் திரிந்ததுதான், பாலைப் போலவே. இறுகியபின் கரையாதபடி செய்யப்பட்ட இந்நாளைய செயற்கைப் பூச்சுகளுக்கும் பொருந்தாது.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாட்களில் தெகார்த் என்னும் பிரெஞ்சு அறிஞரின் மெழுகைப் பற்றி நமக்குக் கற்பித்தனர். 1641இல் வெளிவந்த தம் சிந்தனைகளில் அவர் தேன்கூட்டிலிருந்து எடுத்த மெழுகுத் துண்டொன்றை நெருப்பருகே கொண்டு செல்கிறார். மணம் போகிறது, நிறம் போகிறது, வடிவம் போகிறது. ஆயினும் அதே மெழுகு என்கிறோமே, எப்படி என்று வினவுகிறார். 1663இல் அவருடைய நூல்கள் திருச்சபையின் தடைப்பட்டியலில் சேர்ந்தன என்பதை எம் பேராசிரியர் சற்றுக் குறும்போடு சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடர்ந்தார். அந்தக் கேள்வி கரும்பலகைக்குரியது என்றே அன்று எண்ணியிருந்தோம். பொட்டிப்புரத்தில் ஓர் இளைஞனின் கையில் இருந்த டப்பி அதை மீண்டும் கேட்டது.

பொட்டிப்புரம் என்றால் வெளியூர் வாசகர்க்கு நியூட்ரினோ ஆய்வகம் நினைவுக்கு வரும். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும், மக்களின் எதிர்ப்பும், வழக்குகளும் செய்தித்தாள்களில் நிறைய வந்தன. ஊரின் அன்றாடம் வேறு. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் ஏலத்தோட்டக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கேரள எல்லையை நோக்கிப் புறப்படும். போடியிலிருந்து மெட்டுக்கு ஏறும் பாதையில் மட்டும் 17 கொண்டையூசி வளைவுகள். கீழே புழுதியும் வெயிலும், மேலே பனியும் சாரலும். நாளுக்கு இருமுறை இரண்டையும் கடக்கும் வண்டியின் வண்ணம் எத்தனை நாள் தாங்கும்?

அத்தகைய ஜீப் ஒன்றை ஓட்டும் இளைஞன் இல்லச் சந்திப்புக்குச் சென்ற நம்மிடம் டப்பியை நீட்டினான். அவன் தந்தை வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பியபோது கொண்டு வந்தது. திரும்பி வந்த பணத்தில் வாங்கியதுதான் ஜீப்பும். திருவிழாவுக்கு முந்தின நாள் மட்டும் டப்பியைத் திறப்பாராம். தந்தை காலமாகி ஓராண்டு நிறைவுக்கு வண்டியைத் துலக்க வேண்டும் என்பது மகனின் ஆசை.

"சாமி, கோயில்ல மெழுகுதிரித் துண்டெல்லாம் உருக்கி வார்க்கிறீங்கள்ல. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. பட்டறையில தின்னர ஊத்தி அடுப்புல வையின்னாங்க."

நாம் பதறிவிட்டோம். பட்டறைக்காரர் சொன்னதில் இரண்டு கேடுகள் உண்டு. தின்னர் வண்ணத்தையே கரைக்கவல்லது. அதில் குழைத்த மெழுகைப் பூசினால் துலங்குவதற்குப் பதில் தகடு தெரியத் தொடங்கும். அடுப்போ அதைவிடக் கொடியது. டர்பன்டைனின் ஆவி ஏறத்தாழ 35 பாகையிலேயே தீப்பற்றக்கூடும். நம் ஊர்க் கோடைப் பகலே அந்த அளவை எட்டிவிடுகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று, அடுத்த அறையில் எரியும் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். மெழுகுதிரித் துண்டுகளை உருக்குவதும் இதுவும் ஒன்றல்ல. அங்கேகூட நம் கோயில்பிள்ளை நேரடித் தீயில் வைப்பதில்லை. கொதிநீரில் பாத்திரத்தை இறக்கித்தான் உருக்குகிறார்.

வண்ணம் விற்கும் கடையில் நல்ல டர்பன்டைன் சிறு புட்டி வாங்கி வரச் சொன்னோம். மண்ணெண்ணெய் போதாதா என்றான். மண்ணெண்ணெய் மெல்லத்தான் ஆவியாகும். நெடுநேரம் பிசுபிசுத்துப் புழுதியை அழைக்கும். கட்டியைச் சிறு துண்டுகளாக உடைத்து, டர்பன்டைனை ஒரு தேக்கரண்டி மட்டும் தெளித்து, மூடியை இறுக்கி, நிழலில் இரண்டொரு நாள் விட்டுவிட வேண்டும். சூடே தேவையில்லை. குழையவில்லை எனில் இன்னொரு கரண்டி. அவசரப்பட்டு நிறைய ஊற்றினால் கஞ்சியாகிவிடும். பிறகு மூடியைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். அதற்கும் இணங்காத கட்டியானால், வீட்டுக்கு வெளியே, தீ எதுவும் இல்லாத இடத்தில், அடுப்பிலிருந்து இறக்கிக் கொண்டு வந்த வெந்நீரில் டப்பியை மூடியைத் தளர்த்தி அமர்த்தலாம்.

சுவாமிமலைச் சிற்பிகளின் வழக்கம் அப்போது நினைவுக்கு வந்தது. வார்ப்புக்கான கருவை அவர்கள் வெறும் தேன்மெழுகில் செய்வதில்லை. குங்கிலியத்தையும் கடலை எண்ணெயையும் கூட்டித்தான் விரலுக்கு இசையும் பதத்தைப் பெறுகின்றனர். மண் அச்சிலிருந்து உருகி வழியும் மெழுகையும் வீணாக்குவதில்லை; மறுபடி பதப்படுத்தி அடுத்த உருவுக்கு எடுத்துக்கொள்கின்றனர்.

இவ்வளவும் கேட்ட பிறகும் அவன் கட்டியை உடைக்காமல் நின்றான். காரணம் கேட்டோம். டப்பியை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினான். வெடிப்புகளுக்கு நடுவே, கட்டியின் ஒரு பக்கத்தில், இரண்டு விரல்கள் வழித்தெடுத்த பள்ளம் அப்படியே உறைந்திருந்தது. துணியைப் பயன்படுத்தாமல் கையாலேயே எடுப்பாராம் தந்தை.

இதற்கு நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. நினைவுப் பொருளாக வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். மெழுகு வண்டிக்கென்று வாங்கியது, பூசு என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் அவன் சொல்ல வேண்டியவை என்று தோன்றியது. உள்ளிருந்து அவன் தாய் வந்தார். டப்பியை வாங்கிப் பார்த்தார். வெடிப்பு ஏற்கெனவே கட்டியை நான்கு பாளங்களாகப் பிரித்திருந்தது. பள்ளம் பதிந்த பாளத்தைக் கத்தி முனையால் நோகாமல் நெம்பி எடுத்து, வெற்றிலைப் பெட்டியில் வைத்து மூடினார். "மிச்சத்த உடைய்யா" என்றார்.

மூன்றாம் நாள் அவன் தொலைபேசியில் அழைத்தான். பசை இளகிவிட்டது, வாசனைகூடப் பழைய வாசனை என்றான். வண்டியை நிழலில் நிறுத்தி, கழுவி, ஈரம் வற்றிய பின் ஆணி மறையும் ஓர் ஓரத்தில் முதலில் பூசிப் பார்க்கும்படி சொன்னோம். மெல்லிய பூச்சே போதும். மங்கலாகக் காய்ந்தபின் வேறு துணியால் துடைக்க வேண்டும். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாமல் வெளியே விரித்துப் போடவும் சொன்னோம்.

ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு அந்த ஜீப்பில்தான் குடும்பத்தார் வந்து இறங்கினர். பாதி வழியில் மழை பிடித்திருந்தது. முன்மூடியின்மேல் நீர் பரவாமல் உருண்டு உருண்டு நின்றது. டப்பியை இப்போது எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டோம். இருக்கைக்கு அடியில் இல்லையாம். வெயில் படாத அலமாரியில், மூடிக்கு உட்புறம் ஒரு பாலித்தீன் தாளை மடித்து வைத்து, இறுக மூடித் தாயின் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறதாம்.