உதிரிப்பாகமும் உரிமையும்

இலங்கையின் வானொலி வரலாறே பழைய உதிரிப்பாகங்களிலிருந்துதான் தொடங்குகின்றது. முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டே, தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர் கொழும்பில் ஒலிபரப்பியை அமைத்தார். 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. கிடைத்ததைக் கொண்டு ஆக்கும் இத்திறன் இன்றும் எம்மவரிடம் உண்டு. அதற்குத் தடையாய் நிற்பது எது என்பதை அண்மையில் நாம் நேரிற் கண்டோம்.

எமது பாடசாலை விஞ்ஞான மன்றத்துக்கு வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் ஒருவர் 'ஹக் ஆர்.எப். வன்' என்னும் மென்பொருள் வானொலியை அன்பளித்திருந்தார். பழைய வானொலியிற் சுருள்களும் ஒடுக்கிகளும் செய்த வேலையிற் பெரும்பகுதியை இதிற் கணினியின் கணக்கே செய்துவிடுகின்றது. தமிழாசிரியராகிய நாமும் மாணவரோடு அமர்ந்து வானிலைச் செய்மதிகளின் மெல்லிய குறிகளைக் கேட்டு மகிழ்ந்தோம். ஆயினும் அக்கருவியின் செவி மிக நொய்தானது. ஒரு மில்லிவாற்றின் மூன்றிலொரு பங்களவு வலு உட்புகுந்தாலே முகப்பிலுள்ள பெருக்கிச் சில்லு பழுதாகக்கூடும். விளையாட்டுப் போட்டியன்று அருகில் எவரோ இயக்கிய கையடக்க ஒலிபரப்பி அதனைக் கெடுத்தது. உரத்த நிலையங்கள் கேட்டன, செய்மதிகள் மௌனமாயின.

அச்சில்லின் விலை ஒருநேரச் சோற்றின் விலை. கடல்கடந்து அதனைத் தருவிக்கும் செலவோ பன்மடங்கு. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. அதன் பின்னர் இத்தகைய செலவை எந்தப் பாடசாலை மன்றம் தாங்கும்? தலைநகர்க் கடையொன்றில், "புதிது வாங்குங்கள்" என்றனர்.

ஈற்றில், எமது ஊரிற் கைத்தொலைபேசி திருத்தும் இளைஞர் ஒருவரிடம் சென்றோம். "சேர், இதின்ர சேர்க்கிட் படம் இருக்கோ?" என்பதே அவரது முதற் கேள்வி. படம் இருந்தது. இக்கருவியை வடிவமைத்த அமெரிக்கரான மைக்கல் ஒஸ்மன் அதன் சுற்றுப்படத்தை எவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டுள்ளார். நெடுநேரம் அதனை நோக்கிய இளைஞர், கேட்பதற்கொன்றும் அனுப்புவதற்கொன்றுமாக ஒரே வகைச் சில்லு ஈரிடங்களில் இருப்பதைக் காட்டினார். ஒலிபரப்ப எமக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. கேட்பதே எமது வேலை. ஆகவே அனுப்பும் பக்கத்துச் சில்லை வெப்பக்காற்றினால் இளக்கி எடுத்துப் பழுதானதன் இடத்திற் பொருத்தினார். ஆறு கால்கள், இரண்டு மில்லிமீற்றர் நீளம். அவ்வளவே அதன் உருவம். செய்மதி மீண்டும் பேசிற்று.

அவர் கடையின் மூலையிலே திருத்தவியலாத கைத்தொலைபேசிகள் குவிந்து கிடந்தன. கை அதே கைதான். ஆனால், அவற்றின் படங்களை உற்பத்தியாளர் தருவதில்லை. பொருளை விற்று அறிவைப் பூட்டி வைப்போர், வாங்கியவனை என்றும் வாங்குபவனாகவே வைத்திருக்கின்றனர். பாடசாலைக்குக் கருவியொன்று வரும்போது, ஆசிரியரும் மாணவரும் முதலில் அதன் படத்தைக் கேட்டல் வேண்டும். படத்தை வாசிக்கத் தெரிந்தவரையும் தேடிப் போதல் வேண்டும். சாதாரண தரத்தோடு பள்ளியை விட்டவர் அவ்விளைஞர். அடுத்த மாதம் எமது மன்றத்தில் அவரே ஆசிரியர்; நாமும் மாணவரோடு அமர்ந்து கேட்போம்.