ஊர்ப் பெயரைச் சொல்வதில் என்ன கூச்சம்?



பிரெஞ்சு மொழியில் 'பான்லியூ' என்று ஒரு சொல் உண்டு. நகரத்தின் ஆணை செல்லுபடியாகும் ஒரு காதத் தூரத்து எல்லை என்பது அதன் பழைய பொருள். சுருக்கமாகச் சொன்னால் புறநகர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் வாத்தியார் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். இன்றைக்குப் பாரிஸில் அந்தச் சொல்லைக் கேட்டால் அடுக்கடுக்கான அரசுக் குடியிருப்புகளும் வேலையில்லாத இளைஞர்களும் போலீஸ் கெடுபிடியும்தான் கேட்பவர் நினைவுக்கு வரும். வேலைக்கு மனுப் போடும் பையன் அந்த விலாசத்தை எழுதக் கூசுவான்.

இது நமக்கும் தெரியாத சங்கதி இல்லை. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய், பழைய மாமல்லபுரம் சாலையில் வடக்கே திரும்பினால் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து குடிசை மாற்று வாரியம் அங்கே 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வீடுகளைக் கட்டி, சென்னையின் பல மூலைகளிலிருந்தும் மக்களைக் கொண்டுவந்து குடிவைத்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட, மனிதர்கள் மட்டும் இங்கே வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச காலத்தில், திருட்டு, அடிதடி என்றாலே இந்த ஊர்களின் பெயரைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அரசவையில் போய் நீதி கேட்டவள் பெயரை வைத்த ஊருக்கு இந்தக் கதி.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தடவை காவலாளி வேலைக்கு ஒரு பையன் வந்தான்.

"எங்கேருந்துப்பா வர்றே?"

"துரைப்பாக்கம் சார்."

"துரைப்பாக்கத்துல எங்கே?"

பையன் வாயைத் திறக்கவில்லை. பிறகு கீழே என்னிடம் மெல்லச் சொன்னான். "பேரைச் சொன்னா, போன் பண்றோம்னு சொல்லி அனுப்பிடுவாங்க சார்." அவனுக்கு யாரும் போன் பண்ணவில்லை.

இந்தப் பெயரைத் துடைக்க 2020 தொடக்கத்தில் ஒரு முயற்சி நடந்தது. ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு, ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தோடும் சென்னை மாநகராட்சியோடும் சேர்ந்து, கண்ணகி நகர்க் கட்டடங்களின் பக்கச் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியங்கள் வரையச் செய்தது. நம்மூர் ஏ-கில் முதல் வெளிநாட்டு ஓவியர்கள் வரை பலர் வந்து வரைந்தார்கள். அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் கேமராவும் கையுமாக வரத் தொடங்கினார்கள்.

நல்ல காரியம்தான். ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. சுவருக்கு வண்ணம் அடித்ததால் உள்ளே இருக்கும் வீடு ஒரு அடிகூடப் பெரிதாகவில்லை. குழாயில் தண்ணீர் கூடுதலாக வரவும் இல்லை. வரைந்தவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளே தூரிகையைப் பிடித்தாலோ, மைக்கைப் பிடித்தாலோ என்ன நடக்கும் என்பதுதான் என் கேள்வி.

பாரிஸுக்கு வடக்கே சேன்-தெனி என்று ஒரு புறநகர் உண்டு. பிரெஞ்சு மன்னர்களைப் புதைத்த பெரிய தேவாலயம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இன்று அந்த ஊருக்கு நல்ல பெயர் கிடையாது. அங்கே வளர்ந்த ஒரு இளைஞர் 1997-இல் ஆழமில்லாத குளத்தில் குதித்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். பிழைத்து எழுந்து, ஊன்றுகோலோடு மேடையேறி, இசைக்கருவி இல்லாமல் கவிதை சொல்லத் தொடங்கினார். 'கிரான் கோர் மலாத்', அதாவது 'நோயுற்ற பெரிய உடம்பு' என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார். 2006-இல் வந்த அவருடைய முதல் இசைத்தொகுப்பில் 'சேன்-தெனி' என்ற தலைப்பிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. வந்த விருந்தாளியைக் கைப்பிடித்து ஊர்ச் சந்தையைச் சுற்றிக் காட்டுவது போன்ற பாட்டு. செய்தித்தாளில் பார்த்துப் பயந்த பெயரை, சொந்த ஊர்க்காரர் வாயால் ஆசையாகச் சொல்லிக் கேட்டபோது பிரெஞ்சுக்காரர்களுக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

நம்மிடம் அதற்குக் கானா இருக்கிறது. வடசென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய பாட்டு அது. மேளம் கிடைக்காவிட்டால் டப்பாவே தாளம். அதையும் பறையையும் ராப் பாட்டையும் ஒரே மேடையில் சேர்த்து, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்தியது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த இளைஞர்கள் அவர்கள். ஆண்களே பாடிவந்த கானாவை அந்த மேடையில் பாடினார் இசைவாணி. 2020-இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம் பெற்றது.

இன்னொரு பாட்டையும் சொல்ல வேண்டும். வருவாய்த்துறையில் எழுத்தராக இருந்தவனுக்குப் 'புறம்போக்கு' என்பது வசவு இல்லை. அடங்கலில் தினமும் எழுதிய சொல். ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், வண்டிப்பாதை, சுடுகாடு என்று ஊருக்குப் பொதுவாக, வரி போடாமல் விட்ட இடம். அது எப்படியோ ஆளைத் திட்டும் வார்த்தையாகிவிட்டது. கண்ணகி நகருக்கு வந்தவர்களில் பலரும் ஆற்றங்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்கள்தானே! 2017-இல் கபேர் வாசுகி என்ற இளைஞர், எண்ணூர்க் கழிமுகத்தைக் காப்பாற்றச் சொல்லி அந்தச் சொல்லையே வைத்துப் பாட்டு எழுதினார். டி.எம். கிருஷ்ணா அதைக் கர்நாடக ராகங்களில் பாடினார். பதிவேட்டிலிருந்த பழைய மரியாதை அந்தச் சொல்லுக்குத் திரும்பி வந்ததில் இந்தக் கிழவனுக்குச் சந்தோஷம்.

விளையாட்டிலும் இது நடந்திருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடிய கார்த்திகாவை, நாடே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றுதான் அழைத்தது. எந்தப் பெயரைச் சொன்னால் வேலை போகுமோ, அந்தப் பெயரே ஒரு பெண்ணுக்குப் பட்டமாகிவிட்டது.

ஆனால் ஒருவர் பாடுவதற்கு இன்னொருவர் கேட்கவும் வேண்டும். 2015-இல் பெசன்ட் நகர் பக்கத்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கலைவிழா தொடங்கியபோது, சபாக்களில் உட்கார்ந்து பழகியவர்கள் மீனவர் குப்பத்து மணலுக்குப் போய்க் கேட்டார்கள். நம் பக்கத்தில் தாம்பரத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவே தூரம் அதிகமில்லை. இருந்தும் நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்?

எங்கள் குடியிருப்பில் வருஷா வருஷம் பொங்கல் விழா நடக்கும். இந்தத் தடவை பெரும்பாக்கத்திலிருந்து பறை அடிக்கும் பிள்ளைகளை அழைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பிஸ்கட் பாக்கெட்டும் சால்வையும் கொடுத்து அனுப்பக் கூடாது, மற்ற கலைஞர்களுக்குக் கொடுக்கிற மாதிரி ஒழுங்காகப் பணம் பேச வேண்டும், அழைப்பிதழில் ஊர்ப் பெயரையும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்றும் சொன்னேன். பணத்துக்கு யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை. ஊர்ப் பெயரைப் போடுவது பற்றித்தான் செயலாளர் "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார்.

நானும் விடுவதாக இல்லை.