கடல் இல்லாத ஊரில் ஒரு கடல் காவல்

ஹைதராபாத்தில் கடல் கிடையாது. கடல் மட்டத்துக்கு 500 மீட்டருக்கும் மேலே, தக்காணப் பாறைகள் மீது அமர்ந்திருக்கும் நகரம். இங்கே மாலைக் காற்று வாங்க ஹுசேன் சாகர் ஏரிக்கரைதான். ஆனால் கூகட்பள்ளியின் போக்குவரத்து நெரிசலைத் தாண்டிப் பிரகதி நகருக்குப் போனால், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே நாட்டின் கடல் முழுவதையும் கண்காணிக்கும் வளாகம் ஒன்று இருக்கிறது. 1999இல் தொடங்கப்பட்ட இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அது.

மீன் எங்கே கிடைக்கும், அலை எவ்வளவு எழும்பும் என்று மீனவர்களுக்குச் சொல்வது இங்கிருந்துதான். 2007 முதல் சுனாமி எச்சரிக்கையும் இங்கிருந்தே. அதிகம் பேசப்படாத வேலை இன்னொன்று உண்டு. கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டினால், காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டு அது எந்தக் கரையில் ஒதுங்கும் என்று சொல்வது.

அந்தக் கணக்குக்குச் சோதனை 2017 ஜனவரி 28 அதிகாலையில் வந்தது. சென்னைக்கு வடக்கே, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. பாதிப்பு எதுவுமில்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. ஹைதராபாத் கணினிகள் எண்ணெயின் பாதையைக் கணித்தன. எண்ணெயோ எண்ணூர்ப் பாறைகளில் தார் போல அப்பிக்கொண்டு, தெற்கே மெரினா, திருவான்மியூர் வரை போனது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவம் அது, செத்தும் ஒதுங்கின.

உறிஞ்சும் இயந்திரங்கள் அந்தக் கெட்டிக் குழம்பில் அடைத்துக்கொண்டன. கடைசியில் எண்ணெயை அள்ளியது மீனவர்களும் மாணவர்களும் பிடித்த பிளாஸ்டிக் வாளிகள். மீன் வாங்க ஆளில்லாமல் பல நாள் சந்தைகள் வெறிச்சோடின.

செயற்கைக்கோளும் கணினியும் ஒரு முனையில், வாளி மறுமுனையில். துறைமுக எல்லைக்குள் எண்ணெய் கொட்டினால் முதலில் களமிறங்க வேண்டியது துறைமுகம்தான் என்கிறது தேசியப் பேரிடர்த் திட்டம். எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவை வேலி உடனே கடலில் இறங்காவிட்டால், எவ்வளவு துல்லியமான கணிப்பும் வெறும் காகிதம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தபோதும், மீனவர்கள் படகேறி அதைக் கையால்தான் அள்ளினார்கள்.

வளாகத்தை விட்டு வெளியே வந்து, தெருமுனைக் கடையில் இரானி டீ குடித்தேன். வாளியோடு நிற்கும் எண்ணூர் மீனவருக்கு இப்படியொரு இடம் இருப்பது தெரியுமா?