அணைத்த விளக்கும் அணையாத வெப்பமும்

ஆளில்லாத அறையில் விளக்கெரிவதைக் கண்டால் எம்மவர் வீடுகளில் இன்றும் ஓர் அதட்டற்குரல் எழும். அக்குரலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருண்டிருந்த காலத்தில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அளவாக மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கின் ஒளியிலேயே நாம் படித்தோம். படித்து முடிந்ததும் திரி அணைக்கப்படும். மறுநாளுக்கும் எண்ணெய் வேண்டுமல்லவா?

இலண்டனுக்கு வந்த பின்னரும் அப்பழக்கம் எம்மை விட்டகலவில்லை. ஆகையால் எமது குடும்பம் சிக்கனமானது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சூழல் பாதுகாப்புப் பற்றித் தமிழ்ப் பள்ளிக்குக் கட்டுரை எழுதப் புகுந்த எமது மகள், மின்சாரக் கட்டணச் சீட்டையும் எரிவாயுக் கட்டணச் சீட்டையும் மேசைமீது அருகருகே விரித்தபோது அவ்வெண்ணம் கலைந்தது.

பிரித்தானிய எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஒவ்ஜெம் 2023ஆம் ஆண்டில் வகுத்த கணிப்பின்படி, நடுத்தரப் பாவனையுள்ள வீடொன்று ஆண்டுக்கு 2,700 அலகு மின்சாரத்தையும் 11,500 அலகு எரிவாயுவையும் பயன்படுத்துகின்றது. அவ்வெரிவாயுவின் பெரும்பகுதி வீட்டையும் நீரையும் சூடாக்கவே செலவாகின்றது. அத்தனையும் எரியும்போது ஏறக்குறைய 2 தொன் காபனீரொட்சைட்டு வளியிற் கலக்கின்றது. நாமோ விளக்கை அணைத்துவிட்டு, வெற்றறைகளை விடியவிடியச் சூடாக்கிக்கொண்டிருந்தோம். ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கவைக்கும் மின்சாரத்தில் 9 வாற் எல்.ஈ.டி. மின்குமிழ் ஏறத்தாழ 10 மணிநேரம் எரியும். இரண்டு கோப்பைத் தேநீருக்காகக் கேத்தலை நிறைத்த கைகளே விளக்கை அணைக்கவும் விரைந்தன!

அவ்வாண்டுக் குளிர்காலத்தில், ஆர்வ மிகுதியால் வீட்டின் வெப்பநிலையை 16 பாகைக்குக் குறைத்தோம். ஒரு வாரத்தின் பின், அம்மம்மா குளிரங்கியுடனேயே உறங்குவதை மகள் கண்டாள். ஏன் சொல்லவில்லை என்று வினவியபோது, "நீங்கள் மிச்சம் பிடிக்கிறியள், நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். நாம் தலைகுனிந்தோம். முதியோர் வாழும் அறை 18 பாகைக்குக் குறையலாகாது என்பது இந்நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. வீட்டிலுள்ள மெலியோரை வருத்திச் செய்வது சிக்கனமாகாது என்பதை அன்று கற்றோம்.

அம்மம்மாவின் அறைக்கு 20 பாகை வெப்பத்தை மீட்டுக் கொடுத்தோம். பாவனையற்ற அறைகளின் ரேடியேற்றர்களைத் தணித்தோம். அவற்றை மறைத்துத் தொங்கிய திரைச்சீலைகளைக் குறுக்கினோம். கதவடி இடுக்குகளை அடைத்தோம். பொயிலரிலிருந்து ரேடியேற்றர்களுக்குச் செல்லும் நீரின் வெப்பத்தை 75 பாகையிலிருந்து 55 பாகைக்குக் குறைத்தோம். இன்றைய பொயிலர்கள், வெளியேறும் புகையிலுள்ள நீராவியின் வெப்பத்தையும் மீட்கவல்லவை. ஆயினும் திரும்பிவரும் நீர் 55 பாகைக்குக் கீழிருந்தாலே அது நன்கு இயலும். சுடுநீர்த் தொட்டி உள்ள வீட்டினர் மாத்திரம், கிருமிகள் பெருகாதிருக்க, தொட்டி நீரை 60 பாகையில் வைத்தல் வேண்டும்.

சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்குப் புறப்படுமுன் மகள் எரிவாயு மானியைப் பார்த்துக் குறித்து வந்தாள். பங்குனி மாத முடிவில், முந்திய ஆண்டைவிடக் குறைந்த தொகையே பதிவாகியிருந்தது. வானிலைக்கும் அதிற் பங்கிருக்கலாம். ஆயினும் அம்மம்மா குளிரவில்லை என்பதே எமக்குப் பெருமகிழ்ச்சி.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நாம் அள்ளிக் குடித்தது, சுண்ணாம்புக் கற்படையினுள் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர். புவி வெப்பமுற்றுக் கடல்மட்டம் உயருந்தோறும் அந்நன்னீர்ப் படை மெலியும். இலண்டன் வீட்டுக் கூரையிலிருந்து எழும் புகைக்கு எல்லைக்கோடுகள் தெரியா.

அன்று நாம் எண்ணெயை மிச்சம் பிடித்தது எமது மறுநாள் இரவுக்காக. இன்று மிச்சம் பிடிப்பது எம் பிள்ளைகளின் நாளைக்காகவும், ஊரிலுள்ள அக்கிணற்றடிக்காகவுமே. அன்பான பெற்றோரே, வரும் சனிக்கிழமை காலையில் உங்கள் பிள்ளைகளுடன் சென்று வீட்டு எரிவாயு மானியை ஒருமுறை பாருங்கள்.