ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு கோர்ட்டு கூடும். நீதிபதிகள் மூன்று பேர். மாம்பலத்தில் முப்பது வருஷமாகக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து வரும் என் அத்தை, பிரதம நீதிபதி. மிருதங்கம் வாசிக்கும் சித்தப்பா இரண்டாமவர். அடுத்த தெரு பிடில் மாமா மூன்றாமவர். அத்தையும் பிடில் மாமாவும் சின்ன வயதில் திருச்சியில் ஒரே குருவிடம் கற்றவர்கள். ஆகையால், அறுபதைத் தாண்டிய பிறகும் அவருக்கு அவள் 'அக்கா'. அவளுக்கு அவர் 'டா'தான்.

வாரத்தில் ஆறு நாள் பத்திரிகை ஆபீஸில் பேனா பிடிக்கும் எனக்கு இந்தக் கோர்ட்டில் சிரஸ்தார் உத்தியோகம். அதாவது, கிராமபோனுக்குச் சாவி கொடுப்பது, பக்கத்துக்குப் பக்கம் ஊசி மாற்றுவது, நடுநடுவே காபி கொண்டு வருவது.

குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் யார் தெரியுமோ? சாமானியர்கள் அல்ல! ஜி. என். பாலசுப்ரமணியம், ராஜரத்தினம் பிள்ளை, வசந்தகோகிலம் என்று எல்லோருமே ஜாம்பவான்கள். என் தாத்தா மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய பழைய பிளேட்டுகளில் இவர்கள் அடைபட்டிருக்கிறார்கள். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போயிற்று. அங்கே வாங்கிய பெட்டி மட்டும் இன்றும் எங்கள் கூடத்தில் பாடிக்கொண்டிருக்கிறது. பிளேட்டுகள் அரக்கினால் ஆனவை; கை தவறிக் கீழே விழுந்தால் நொறுங்கிய அப்பளம்தான்.

முதன் முதலில் இந்தக் கோர்ட்டில் உட்கார்ந்தபோது எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பெரிய வித்வான்களை இப்படியா கேலி செய்வது? ஜி. என். பி.யின் பிருகாக்கள் பொலபொலவென்று உதிரும்போது பிடில் மாமா மார்பில் கையை வைத்துக்கொண்டு, "அம்மா சிரஸ்தாரே! அந்த ஊசிக்குக் கொஞ்சம் தண்ணி கொடு. அதுக்கு மூச்சு வாங்கறது!" என்பார். வேறொரு வித்வான், ஆலாபனை, பல்லவி, அநுபல்லவி, சரணம், மேலே நாலு ஆவர்த்தம் ஸ்வரம் எல்லாவற்றையும் மூன்று நிமிஷத்துக்குள் முடித்துவிட்டால், "பாவம், எழும்பூரிலே ரயிலுக்கு நேரமாயிடுத்து" என்று தீர்ப்பு எழுதுவார்.

சித்தப்பாவுக்கு நிரந்தரமான ஒரு பிராது உண்டு. பழைய பிளேட்டுகளில் மிருதங்கம் சன்னமாகத்தான் கேட்கும். "யாரோ மூணு வீடு தள்ளிக் கதவைத் தட்டறான். யாராவது போய்த் திறங்கோளேன்!" என்பார்.

ஆனால் நாலைந்து வாரம் கூடவே உட்கார்ந்த பிறகு ஒன்று புரிந்தது. இவர்கள் கேலி செய்கிற அளவுக்குக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் வேறு யாருமே இல்லை! நானும் கேட்கிறேன். 'ஆஹா' என்கிறேன். அந்த 'ஆஹா'வோடு என் வேலை முடிந்தது. இவர்களோ ஒரே இடத்தைப் பத்துத் தடவை கேட்பார்கள்.

பத்து அங்குல பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறையக் கிடைப்பது மூன்று நிமிஷந்தான். கச்சேரியில் முக்கால் மணி பாடுகிற ஒரு ராகத்தைப் பாடகர் அதற்குள் எப்படிச் சுருட்டினார், எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்று இவர்கள் வாதாடுவதைக் கேட்டால் சமையற்கட்டு ஞாபகம் வரும். நாலு பேருக்குப் போதுமான மாவில் எட்டுப் பேருக்குத் தோசை வார்த்த அனுபவம் உள்ள வாசகிகளுக்கு அந்தச் சாமர்த்தியம் புரியும். கோவிலில் இரவெல்லாம் தோடியை வாசிக்கக் கூடிய ராஜரத்தினம் பிள்ளை, பிளேட்டில் சில நிமிஷத்துக்குள் அதே தோடியை வாசித்திருக்கிறாரே! "காவேரியைச் செம்பிலே பிடிச்சிருக்கார். ஆனா செம்புக்குள்ளேயும் சுழல் இருக்கு, பாரு" என்றார் சித்தப்பா. அது கேலியா, நமஸ்காரமா?

சுருதி விஷயத்தில் பிடில் மாமா துப்பறியும் நிபுணர். கிராமபோன் நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஆனால் மிகப் பழைய பிளேட்டுகள் எல்லாம் சரியாக 78-ல் பதிவானவை அல்ல. மெதுவாகப் பதிந்ததை வேகமாகச் சுழற்றினால் சுருதியும் ஏறும், காலப்பிரமாணமும் ஓடும். ஒரு பிளேட்டைக் கேட்டுவிட்டு, "இது ஐந்தரைக் கட்டை! பாடினது அந்த அம்மாளா, இல்லே இந்தப் பெட்டியா?" என்று அவர் பிடிலை எடுத்துச் சுருதி சேர்த்துப் பார்ப்பார். அன்று கோர்ட்டு ஏழு மணிக்குத்தான் கலையும்.

இந்த மூவரும் வாயடைத்துப் போவது ஒரே ஒருவருக்குத்தான். என். ஸி. வசந்தகோகிலம். 1919-ல் பிறந்து, 1951-ல், முப்பத்திரண்டு வயதிலேயே மறைந்தவர். அந்தக் குரல் ஒலிக்கும்போது அத்தை புடவைத் தலைப்பைச் சுருட்டியபடியே இருப்பாள். முடிந்ததும், "குற்றம் இல்லை. விடுதலை" என்பாள். பிறகு ஒரு நிமிஷம் கழித்து, "அந்த வயசுக்குள்ளே இவ்வளவு பாடி வச்சுட்டுப் போயிட்டாளே!" என்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி ஆறிக்கொண்டிருந்தபோது சித்தப்பா கேட்டார்: "ஏண்டி, நாங்க ஊரார் பிளேட்டையெல்லாம் விசாரிக்கறோம். தன் பிளேட்டைத் தானே விசாரிச்ச வித்வான் எவனாவது உண்டா?"

எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொன்னேன். கானடா தேசத்துப் பியானோ வித்வான் கிளென் கூல்ட். 1955-ல், இருபத்திரண்டு வயதில், பாக் இயற்றிய 'கோல்ட்பெர்க்' உருப்படியை நியூயார்க்கில் பதிவு செய்தார். ஏறக்குறைய முப்பத்தெட்டு நிமிஷம், மின்னல் வேகம். உலகமே கொண்டாடிற்று. 1981-ல் அதையே மறுபடி பதிவு செய்தார். இந்தத் தடவை ஐம்பத்தோரு நிமிஷம்! பழைய இசைத்தட்டைப் பற்றிக் கேட்டதற்கு, அதை வாசித்த ஆசாமி யாரென்றே தமக்கு அடையாளம் தெரியவில்லை என்கிற மாதிரி பதில் சொன்னார். அடுத்த வருஷம், ஐம்பது வயதில், காலமாகி விட்டார். வேடிக்கைக்காரரும்கூட. 1968-ல் வெளியான தம் இசைத்தட்டு ஒன்றின் உறையில், இல்லாத விமரிசகர்கள் நாலு பேர் பெயரில் தாமே விமரிசனம் எழுதிப் போட்டார்! வாசிக்கும்போது கூடவே முனகுவார். அந்த முனகலும் இசைத்தட்டுகளில் பதிவாகியிருக்கிறது.

"முனகலா? நம்ம ஜாதி!" என்று பிடில் மாமா சந்தோஷப்பட்டார்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு கேஸட். "இதைப் போடு" என்றாள்.

என்னுடைய பழைய டேப் ரிகார்டரைத் தூசி தட்டிப் போட்டேன். முதலில் கொரகொரவென்று இரைச்சல். பிறகு, நடுவிலிருந்து பிடித்த மாதிரி, ஒரு காம்போதி ஆலாபனை. பாடுகிறவர் யார் என்ற அறிவிப்பு இல்லை. இளம் பெண் குரல்.

"யாரு?" என்றார் பிடில் மாமா.

"யாரா இருந்தா என்ன? கேளேன்."

சித்தப்பாவின் முகம் மாறியது. அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. 1981-ல் திருச்சி ரேடியோவில் அத்தை பாடிய கச்சேரி. ரேடியோவுக்குப் பக்கத்தில் டேப் ரிகார்டரை வைத்துத் தாத்தா பிடித்தது. அவசரத்தில் பொத்தானைத் தாமதமாக அமுக்கியதில் அறிவிப்பு போயிற்று. அதோடு அத்தையின் பெயரும் போயிற்று. அடுத்த வருஷம் கல்யாணமாகி நாகபுரிக்குப் போனாள். பெரிய குடும்பம். இரண்டு வேளையும் பத்துப் பேருக்குச் சமையல். தம்பூரா பரணுக்குப் போயிற்று. பாடாதே என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பாடேன் என்றும் யாரும் சொல்லவில்லை. பிற்பாடு அவள் சென்னைக்குத் திரும்பிவந்து குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள், மேடை ஏறவில்லை.

பாட்டு முடிந்தது. கூடத்தில் நிசப்தம்.

"ரொம்ப நன்னாயிருக்கு, அக்கா" என்றார் சித்தப்பா மெதுவாக.

"ஆமாம்... பேஷ்" என்றார் மாமா. யார் பாட்டு என்பது அவருக்கும் இப்போது புரிந்திருந்தது.

அத்தைக்கு வந்ததே கோபம்! "என்னடா, துக்கம் விசாரிக்கிற மாதிரிப் பேசறேள்? ஜி. என். பி.யைக்கூட விட்டு வைக்காத கோர்ட்டு, என்னை மட்டும் ஏன் விடறது? அவருக்குக் கொடுத்த மரியாதையை எனக்கும் கொடுங்கோ!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "சிரஸ்தாரே, முதல்லேருந்து போடு" என்றார் சித்தப்பா. குரல் பழைய குரலாக இருந்தது.

பிறகு நடந்ததுதான் விசாரணை! மேல் காந்தாரத்தைத் தொட்டதும், "தொட்டுட்டு ஓடறா பாரு. அடுப்பிலே சுட்டுண்ட மாதிரி" என்றார் சித்தப்பா. கல்பனை ஸ்வரத்தில் கணக்கு ஓர் இடத்தில் முன்கூட்டியே முடிந்தது. "முகூர்த்தத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளை வந்து வாசல்லே நிக்கறார்!" என்றார். அந்தச் சமயத்தில், தாத்தா வீட்டுச் சமையற்கட்டில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தமும் கேஸட்டில் கேட்டது. சித்தப்பா துள்ளி எழுந்தார். "அது நான் போட்டது! வாசல்வரை துரத்திண்டு வந்து அப்பா அடிச்சார். ஆனா கவனிச்சியா, அக்கா? சரியா சமத்திலே விழுந்திருக்கு. அதுதான் என் அரங்கேற்றம்!"

பிடில் மாமா புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். "பாட்டு கிடக்கட்டும். இந்தப் பிடில்காரன் யாரு? பாடறவளை முந்திண்டு ஓடறானே! இவனை முதல்லே உள்ளே தள்ளணும்."

"தள்ளு" என்றாள் அத்தை. "நீதாண்டா அது!"

எவ்வளவோ பேருக்கு வாசித்தவர், நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, மறந்தே போய்விட்டார். கண்ணில் நீர் வரும் வரையில் சிரித்தோம்.

கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் பிரதம நீதிபதி. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்: "இந்தப் பொண்ணுக்கு மேல் ஸ்தாயியிலே பயம் இருக்கு. அவசரம் இருக்கு. அதெல்லாம் பாடப் பாடப் போயிடும். சங்கீதம் இருக்கு. இவ பாட்டை விட்டிருக்கக் கூடாது."

யாரும் சமாதானம் சொல்லவில்லை. நல்ல வேளை!

நான் எழுந்து அந்தக் கேஸட்டைக் கைப்பேசியில் பிரதி எடுக்க ஆரம்பித்தேன். நாடா அறுந்து போவதற்குள் அதையாவது செய்ய வேண்டாமா? பாட்டு முடிகிற தறுவாயில் பிடில் மாமா, "நிறுத்தாதே" என்று கையைக் காட்டினார். "கோஹர் ஜான் 1902-ல் கல்கத்தாவிலே பிளேட்டுக்குப் பாடினபோது, முடிவிலே இங்கிலீஷிலே தன் பேரைச் சொல்லுவா. பதிவு ஜெர்மனிக்குப் போய்ப் பிளேட்டாகணும். அங்கே இருக்கறவாளுக்கு அடையாளம் தெரியணுமே! இதிலே பேரே இல்லை. பேரில்லாத பிளேட்டு கோர்ட்டிலே செல்லாது. சொல்லு, அக்கா."

அத்தை வெட்கப்பட்டாள். மறுத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கோஹர் ஜான் மாதிரியே இங்கிலீஷில் தன் பெயரைச் சொன்னாள்.

"சுருதி அரைக் கட்டை குறைச்சல்" என்றார் சித்தப்பா.