பெயர் சொல்லும் கடல்

நம் மீனவர் ஓங்கில் என்று வழங்கும் டால்பின், மன்னார் வளைகுடாவில் தொன்றுதொட்டு வாழும் உயிரினம். மில்லர்புரத்தில் வாழும் நமக்கு அது புதியதன்று. ஆயினும், ஒவ்வோர் ஓங்கிலுக்கும் பெயர் போன்ற ஒன்று உண்டு என்பதை நம்முள் பலர் அறியோம்.

குப்பி போன்ற மூக்குடைய ஓங்கில் ஒவ்வொன்றும் தனக்கே உரிய சீழ்க்கையொலி கொண்டுள்ளது என்பதை 1965-இல் மெல்பா, டேவிட் கால்டுவெல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்டனர். குட்டி பிறந்த சில மாதங்களில் அவ்வொலியை உருவாக்கிக்கொள்கிறது. கலங்கிய கடலில் கண் நெடுந்தொலைவு காணாது. ஒலியோ, காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் விரைவாக நீரில் செல்லும். எனவே, கூட்டத்தைப் பிரிந்த ஓங்கில் தன் சீழ்க்கையை எழுப்பித் தன் இருப்பை அறிவிக்கிறது. 2013-இல் ஸ்டெஃபனி கிங், வின்சென்ட் ஜானிக் ஆகியோர் ஸ்காட்லாந்துக் கடலில் அவ்வொலிகளைப் போலவே செய்து ஒலிக்கவிட்டபோது, ஓங்கில்கள் தத்தம் சீழ்க்கைக்கு மறுமொழி தந்தன. மற்றொன்றின் சீழ்க்கையை எழுப்புவன, பெரும்பாலும் அதனோடு நெருங்கிய உறவுடையவையே: பிரிந்திருக்கும் தாயும் சேயும், இணைபிரியாத் தோழர்களும். இருபது ஆண்டுகள் பிரிந்திருந்த பின்னும் பழைய தோழமையின் சீழ்க்கையை அவை அடையாளம் காண்கின்றன என்பதும் அதே ஆண்டில் வெளியான செய்தி.

பெயர் இருந்தால் மட்டும் போதாது. அழைக்க ஓர் அன்பு நெஞ்சமும் வேண்டும். நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு சென்றபோது மூதாட்டி ஒருவர் நம்மிடம் கூறினார்: "அவுக போனதுக்கப்புறம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்ல சாமி. எல்லாருக்கும் நான் ஆச்சிதான்." ஆச்சி என்பது மதிப்பான சொல்லே. ஆனால், திருமுழுக்கில் திருச்சபை அவருக்கு வழங்கிய பெயர் அதுவன்று.

கப்பல்களின் இரைச்சல் மிகுந்தால் ஓங்கிலின் சீழ்க்கை நெளிவுகளை இழந்து எளிதாகிவிடுகிறது என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. நம் வாழ்வின் இரைச்சலிலும் அவ்வாறே நிகழ்கிறது. மனிதர் வீட்டு எண்ணாகவும், வரிப் பட்டியலில் ஒரு வரியாகவும் சுருங்கிவிடுகின்றனர்.

உயிர்த்த ஆண்டவரை மகதலா மரியா கண்ணால் அறியவில்லை; தோட்டக்காரர் என்றே எண்ணினார். கலங்கிய நீரைப் போலக் கண்ணீர் பார்வையை மறைத்திருக்கலாம். ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்த நொடியில் அறிந்துகொண்டார். நல்ல ஆயர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவர் என்று யோவான் நற்செய்தி கற்பிப்பதும் இதுவே.

அன்பியக் கூட்டத்தில் எத்தனை பேர் வரவில்லை என்று எண்ணுவதோடு நில்லாது, வராதவர் யார் யார் என்று பெயர் சொல்லிக் கேட்போம். பின்னர் அவர்தம் வாசலில் நின்று அப்பெயரைச் சொல்லி அழைப்போம்.