எர்ணாவூரில் வான்கா!

"ஏங்க, உங்க எர்ணாவூர்ல இப்படி ஒரு இடம் உண்டா?"

காலண்டர் படத்தைக் காட்டி மனைவி கேட்டதும் எனக்குச் சுரீரென்றது. பெண் பார்க்கப் போன அன்று மன்னார்குடியில் மாமனார் கேட்ட முதல் கேள்வியே, "எர்ணாவூரா? அது மெட்ராஸ்லயா இருக்கு?" என்பதுதான். 'திருவொற்றியூர் பக்கம்' என்று சொல்லித் தப்பித்தேன். பி.காம். படித்தவனுக்கு விலாசத்தை அட்ஜஸ்ட் பண்ணத் தெரியாதா என்ன!

காலண்டரில் இருந்தது வான்காவின் ஓவியம். அஸ்தமனத்தில் வில்லோ மரங்கள். 1888-ல் தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரில் வரைந்தது. அசல், நெதர்லாந்தில் ஓட்டர்லோ என்ற ஊரில் க்ரோலர்-முல்லர் மியூசியத்தில் இருக்கிறது. பிரமாண்டமான படம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். வானமெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சும் கோடு கோடாக எரிகிறது. அதற்கு முன்னால் நீல நிறத்தில் மொட்டை மரங்கள். இவரை 'போஸ்ட் இம்ப்ரஷனிஸ்ட்' என்பார்கள். அந்தப் பெயரை இங்கிலாந்துக்காரர் ரோஜர் ஃப்ரை வைத்தது 1910-ல். வான்கா செத்ததோ 1890-ல். ஆள் போன பிறகு வந்து சேரும் பென்ஷன் அரியர்ஸ் மாதிரி!

"இருக்கு, வா" என்று பைக்கை எடுத்தேன். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவளை எர்ணாவூருக்குக் கூட்டிப் போனதெல்லாம் அம்மா வீட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான். மூணு மணிக்குள் கிளப்பிவிடுவேன். சாயங்காலக் காற்றில் என்னென்ன வாசனை வரும் என்று எனக்கல்லவா தெரியும்?

மெட்ராஸ்காரனுக்குக் கடலில் உதயம்தான் கிடைக்கும். அஸ்தமனம் ஊருக்குப் பின்பக்கம். எர்ணாவூரில் பின்பக்கம் என்றால் ரயில் பாதை, பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கப்பால் மணலி. ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். கன்டெய்னர் லாரி ஒன்று பாலத்தையே ஆட்டிவிட்டுப் போனது. மேற்கே புகைபோக்கிகளுக்கு நடுவே சூரியன் பழுத்துத் தொங்கியது. முதல் நாள்தான் மழை பெய்திருந்தது. மனைவி பேசவில்லை. நாலு வருஷத்தில் இது அபூர்வம்.

"இந்தக் கலரு புகையாலதாங்க வருது?" என்றாள் கடைசியில்.

நானும் சின்ன வயசிலிருந்து அப்படித்தான் நம்பியிருந்தேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், விஷயம் நேர் எதிர். சாயங்கால வெளிச்சம் காற்றுக்குள் ரொம்ப தூரம் வர வேண்டியிருக்கிறது. வழியிலேயே நீலம் சிதறிப் போய்விட, மிச்சம் சிவப்பும் ஆரஞ்சும் நம் கண்ணுக்கு வருகின்றன. தூசியும் புகையும் அதிகமானால் அந்த நிறம் மங்கி அழுக்காகிவிடும். மழை கழுவிவிட்ட மறுநாள்தான் எங்கள் ஊர் வானம் ஜொலிக்கும். கம்பெனிகளுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது.

கீழே இறங்கிக் கால்வாய்ப் பக்கம் நடந்தோம். அம்மா தெருக்காரர், இறால் பிடிக்கிற பெரியவர், வலை தைத்துக்கொண்டிருந்தார். "இன்னா தம்பி, பொண்டாட்டிய இந்தப் பக்கம்லாம் இட்டாந்திருக்க?"

"சூரியன் பார்க்க, மாமா."

அவர் மேற்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அன்னிக்கு எண்ணெ வந்துச்சே, அப்பவும் சாயங்காலத்துல தண்ணி இப்படித்தாம்மா மின்னுச்சு. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. கைய வெச்சா கருப்பு."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அது. கால்வாய் வழியாக வீடுகளுக்குள் புகுந்து, கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகும் வலையும் நாசம். மீனவர்களே பக்கெட்டும் மக்குமாகப் படகில் போய் எண்ணெயை அள்ளினார்கள். நான் அந்த வாரம் குரோம்பேட்டையில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தேன். 'உங்க ஊர்தானே சார்?' என்று ஆபீஸில் கேட்டவரிடம், 'பக்கத்துல' என்றேன். அதை இன்று வரை மனைவியிடம் சொன்னதில்லை. அன்று கால்வாய் ஓரத்தில் சொன்னேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் செல்போனில் எடுத்து வைத்திருந்த காலண்டர் படத்தைப் பெரியவரிடம் நீட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கெளையெல்லாம் வெட்டிட்டானுங்க? அங்கயும் மரத்துக்கு மேல கரென்ட்டு லைனு போவுதா?"

சிரித்துவிட்டோம். எங்களுக்குப் பின்னாலேயே ஒரு பூவரசு, கம்பிக்கு இடைஞ்சல் என்று வெட்டப்பட்டு, ஆரஞ்சு வானத்தில் முஷ்டி மடக்கி நின்றது. படத்தில் இருப்பதே இறங்கி வந்தாற்போல்.

"இல்ல மாமா, அது கிரிக்கெட் மட்டை செய்யற மரத்தோட சாதி. கூடை பின்னக் குச்சி வேணும்னு வெட்டுவாங்க. மறுபடி தழைக்கும்" என்றேன்.

"நம்ம பூவரசும் தழைக்கும். அதுக்கு ரெண்டு மழை போதும்" என்றார் பெரியவர். "எறாதான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு, பல்லால் நூலைக் கடித்தார்.

இருட்டிவிட்டது. "இன்னிக்கு ராத்திரி அத்தை வீட்லயே தங்கிடலாங்க" என்றாள் மனைவி.